எந்த உயரத்தில் உறங்குவது? லடாக்கின் எல்லைப் பள்ளத்தாக்குகளுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

லடாக் போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது அனுமதிச் சீட்டைப் பற்றித்தான். பெர்மிட் கிடைக்குமா, யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார்கள். இந்தியக் குடிமக்களுக்கு அது அரைமணி நேர வேலை. பயணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கேள்வி வேறு. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கப்போகிறோம் என்பதுதான் அது. நுப்ரா, பாங்காங், ஹான்லே, சோ மோரிரி என்று பெயர்களை வரிசையாக எழுதி, வரைபடத்தில் கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்து, ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தூரக் கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்தக் கணக்கில் காற்று சேர்க்கப்படுவதில்லை.

எனவே வழக்கமான பயணக் குறிப்பிலிருந்து தலைகீழாகத் தொடங்குவோம். முதலில் உயரம், பிறகு பருவமும் ஓய்வும், அதற்குப் பிறகு தாள்கள், கடைசியில் பாதையும் வண்டியும்.

உயரக் கணக்கு

தமிழ்நாட்டில் நாம் ஏறி நிற்கும் பெரிய உயரங்களில் ஒன்று தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லே நகரமே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே கர்துங் லா கணவாயைத் தாண்டினால் நுப்ரா பள்ளத்தாக்கு. கணவாய் 5,359 மீட்டர் என்றாலும் பள்ளத்தாக்கு லேயைவிடத் தாழ்வு. டிஸ்கிட், ஹுண்டர் போன்ற ஊர்கள் 3,100 மீட்டரை ஒட்டி இருக்கின்றன. கிழக்கே பாங்காங் ஏரி சுமார் 4,250 மீட்டர். தென்கிழக்கில் ஹான்லே கிராமம் ஏறத்தாழ 4,300. சோ மோரிரி ஏரியும் அதன் கரையிலுள்ள கோர்சோக் கிராமமும் 4,500 மீட்டருக்கு மேல்.

கர்துங் லாவில் நெடுங்காலமாக நிற்கும் பலகை 18,380 அடி என்று சொல்லும். உண்மையான உயரம் அதைவிட 800 அடி குறைவு. பலகையை நம்புவதால் உடலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். அங்கே அரைமணி நேரத்துக்குமேல் நிற்க வேண்டாம்.

லேயில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பாங்காங்கில் அது பத்தில் ஆறு பங்காகிறது. கர்துங் லாவில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. கணவாயில் பையைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். சென்னையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வெடிக்கப்போவதுபோல உப்பி, மூலைகள் விறைத்து நிற்கும். ஷாம்பு பாட்டில் மூடியைச் சுற்றிக் கசிந்திருக்கும்.

கணவாயை ஒருமுறை தாண்டுவதை உடல் பொறுத்துக்கொள்ளும். இரவு தங்குவதுதான் சோதனை. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. லடாக்கில் சாலையும் தங்குமிடமும் அமைந்திருக்கும் விதத்தில் இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற முடியாது. டெல்லியிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 3,000 மீட்டருக்குமேல் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கடனை லேயில் உட்கார்ந்து அடைத்தே ஆக வேண்டும்.

எப்போது, எந்த வழியில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதுவான பருவம். முதன்முறை போகிறவர்களுக்குச் செப்டம்பரைத்தான் சொல்வேன். கூட்டம் குறைந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், ஓடைகளில் நீர் வற்றியிருக்கும். பகல் இதமாக இருந்தாலும் ஏரிக்கரை இரவுகள் உறைநிலையை எட்டும். ஜூலை, ஆகஸ்டில் லடாக் மழைமறைவுப் பகுதி என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மணாலி வழியாகச் சாலையில் வருவதானால் இமாச்சலத்தின் மண்சரிவு குறுக்கே வரும். லேயும் மழைக்கு முற்றிலும் தப்பிய ஊர் அல்ல. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு அந்த ஊரையே புரட்டிப் போட்டது. குளிர்காலத்தில் பாங்காங் கெட்டியாக உறைந்து கிடக்கும். பார்க்க அழகுதான், ஆனால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

விமானத்தில் போனால் உடலுக்கு அதிர்ச்சி, சாலையில் போனால் முதுகுக்கு வலி. சாலை வழிகளில் ஸ்ரீநகர் வழியே புதியவர்களுக்கு நல்லது. சோஜி லா 3,528 மீட்டர்தான். நடுவே கார்கிலில் 2,700 மீட்டரில் ஓர் இரவு தங்கலாம். உடல் படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் அடல் சுரங்கம் 2020இல் திறந்தபின் ரோதாங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் பழகாத உடலோடு 4,300 மீட்டரிலுள்ள சார்சூ கூடாரத்தில் படுத்துவிட்டு மறுநாள் 5,300 மீட்டர் டாங்லாங் லாவைக் கடக்க வேண்டியிருக்கும். அந்தச் சார்சூ இரவில் தலைவலியால் உறங்காதவர்களே அதிகம். மணாலி வழியை ஊர் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்; அப்போது உடல் பழகியிருக்கும்.

விமானம் என்றால் டெல்லியில் இரவு தங்கி விடியற்காலை விமானத்தைப் பிடியுங்கள். லேக்குப் பெரும்பாலான விமானங்கள் முற்பகலிலேயே வந்துபோய்விடும். பிற்பகலில் காற்று எழும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரே நாளில் மாறிப் போக முடியும் என்று டிக்கெட் இணையதளம் காட்டினாலும், தூக்கமில்லாத உடலை அந்த உயரத்தில் இறக்குவதில் லாபம் இல்லை.

முதல் இரண்டு நாள்: ஒன்றும் செய்யாதீர்கள்

குறைந்தது 48 மணி நேரம் லேயில் ஓய்வெடுத்த பின்பே மேலே போக வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகமும் மருத்துவர்களும் ஓயாமல் சொல்கிறார்கள். இந்த ஓய்வு என்பது படுக்கை, ஜன்னல், சூப், மெதுவான நடை. வந்த உற்சாகத்தில் சாந்தி ஸ்தூபியின் படிகளை ஏறுவது ஓய்வாகாது. விமானத்தை விட்டு இறங்கியதும் "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். தலைவலி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும். மதுவைத் தவிர்த்துவிடுங்கள், தூக்க மாத்திரையையும்தான். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் மணிக்கு ஒரு லிட்டர் என்று குடம் குடமாகக் கவிழ்க்க வேண்டியதில்லை. பசி மந்தமாக இருந்தாலும் கஞ்சி, துக்பா என்னும் நூடுல்ஸ் சூப் என்று சூடாக ஏதாவது உள்ளே போகட்டும்.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு சொல். மாரத்தான் ஓடுகிற இளைஞன் படுத்துக் கிடக்க, அவனுடைய அத்தை கடைத்தெருவில் சால்வைக்கு விலை பேசிக்கொண்டிருப்பது லேயில் சாதாரணக் காட்சி. உடல்திறனுக்கும் உயரத்தைத் தாங்குவதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. திறன் உள்ளவர்கள் வேகமாக நடந்து சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கச் சொல்வார்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சம்மதமில்லாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. கைக்குழந்தையை 4,500 மீட்டரில் படுக்க வைக்கும் திட்டத்தை அடுத்த சில ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கலாம். ஏரி எங்கேயும் போய்விடாது.

கற்பூரம் முகர்வதைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் நிச்சயம் கேட்பார்கள். கயிலாய யாத்திரை போய்வந்த பெரியவர்கள் ஒரு துணியில் முடிந்து கொடுத்தனுப்புவார்கள். மூக்குக்கு இதமாக இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் நம்பி மேலே ஏறாதீர்கள்.

இப்போது அனுமதிச் சீட்டு

நுப்ரா, பாங்காங், சோ மோரிரி, ஹான்லே எல்லாம் பாகிஸ்தான், சீன எல்லைகளை ஒட்டிய பாதுகாக்கப்பட்ட பகுதிகள். முன்பு இந்தியர்களும் உள்கோட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதற்காக வெறுங்கையோடு போய்விட முடியாது. லே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இணையதளத்தில் பெயர்களைப் பதிந்து, கட்டணம் கட்டி, அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். தலைக்குச் சுற்றுச்சூழல் கட்டணம் 400 ரூபாய், செஞ்சிலுவைச் சங்க நிதிக்கு 100 ரூபாய், வனவிலங்குப் பாதுகாப்புக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் என்பது நடைமுறையில் இருந்துவந்த கணக்கு. எல்லையில் பதற்றம் வந்தால் விதியும் கட்டணமும் ஒரே இரவில் மாறும் என்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இணையதளத்தையும், தங்கப்போகும் விடுதிக்காரரையும் ஒருசேரக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

படிவத்தை நிரப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். போக வாய்ப்புள்ள எல்லா இடங்களையும் எழுதிவிடுங்கள். ஹான்லே போவோமா என்று முடிவாகவில்லை என்றாலும் சேர்த்துவிடுங்கள். பாங்காங்கில் நிற்கும்போது மனம் மாறினால் அங்கே இணையத்தை நம்ப முடியாது, அச்சுப்பொறியும் இருக்காது. நாட்களையும் திட்டத்தைவிட இரண்டு கூட்டிப் போடுங்கள். லேக் கடைத்தெருவில் சிறு தொகைக்கு இதைச் செய்துகொடுக்கும் பயண முகவர்கள் அடிக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

பிறகு அந்தத் தாளை ஏழெட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே முகவரியுள்ள அடையாள அட்டையின் நகலும். சோதனைச் சாவடியில் நடப்பது இதுதான்: ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவார், உங்கள் தாள்களை வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார். தகரக் கொட்டகை ஜன்னலில் காவலர் பெயர்களைத் தடித்த பதிவேட்டில் கையால் எழுதுவார், ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்வார். செல்பேசித் திரையைக் காட்டினால் முகம் சுளிப்பார். திரையைப் பதிவேட்டில் கோத்து வைக்க முடியாதல்லவா.

இந்தியக் கடவுச்சீட்டு இல்லாத தமிழர்களுக்கு விதி வேறு. மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று எங்கிருந்து வந்தாலும், கையில் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டவராகவே கணக்கிடுவார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியை லேயிலுள்ள பதிவுபெற்ற முகவர் மூலமாகத்தான் வாங்க முடியும். குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தனியாக வருகிறவர்களை வேறு குழுவோடு சேர்த்து முகவர்கள் ஏற்பாடு செய்வார்கள். திறந்திருக்கும் இடங்களின் பட்டியலும் இந்தியர்களுக்கு உள்ளதைவிடக் குறுகியது. குடும்பத்தில் ஒருவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவரிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு என்று இருந்தால், குறுகிய பட்டியலை வைத்தே திட்டம் போடுங்கள். பாதி வழியில் ஒருவரை இறக்கிவிட்டுப் போக முடியாது.

பாதையை அடுக்குவது

உறங்கும் உயரத்தை வைத்து அடுக்கினால் வரிசை தானாகவே வந்து விழும்: லே, நுப்ரா, பாங்காங், ஹான்லே, சோ மோரிரி, மீண்டும் லே. பலர் செய்வதுபோல முதலில் பாங்காங்குக்கு ஓடுவது தவறான வரிசை.

லேயில் இரண்டு முழுநாள் ஓய்வுக்குப் பின் மூன்றாம் நாள் மேற்கே, சிந்து நதியை ஒட்டிய ஷாம் பகுதிக்குப் போய்வாருங்கள். நிம்மு அருகே ஜன்ஸ்கார் ஆறு சிந்துவோடு கலக்கும் இடம், ஆல்ச்சி மடாலயத்தின் பழைய சுவரோவியங்கள். இந்தப் பாதை லேயைவிடத் தாழ்வாகவே இருக்கும் என்பதால் உடலுக்கும் சிரமம் இல்லை.

நான்காம் நாள் கர்துங் லா வழியாக நுப்ரா. லேயிலிருந்து டிஸ்கிட் 120 கிலோமீட்டர்தான், ஆனாலும் பாதி நாள் பிடிக்கும். ஹுண்டரின் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நிற்கும். மத்திய ஆசியாவிலிருந்து வணிகக் கூட்டங்கள் இந்த வழியாக வந்துபோன காலத்தின் மிச்சம் அவை. பருவ உச்சத்தில் ஒட்டகச் சவாரிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால் எனக்கு ஆர்வம் போய்விடுகிறது. அதற்குப் பதில் ஒருநாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு துர்துக் வரை போய்வாருங்கள். 1971 போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்த கிராமம். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது 2010இல். பால்ட்டி மொழி பேசும் மக்கள், பாதாமி மரங்கள், கல்சுவர்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்கள். வெயில் காலத்தில் இறைச்சியும் வெண்ணெயும் கெடாமல் வைக்க, மலைக் காற்று புகும்படி அவர்கள் அடுக்கியிருக்கும் கற்குளிர் அறைகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இங்கே உறங்கும் இரண்டு இரவும் தாழ்வான உயரத்தில் கழிவது அடுத்த ஏற்றத்துக்கு உதவும்.

நுப்ராவிலிருந்து ஷியோக் ஆற்றை ஒட்டிய சாலையில் பாங்காங் போகலாம். லேக்குத் திரும்ப வேண்டியதில்லை. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் சாலைமேல் பெருகும். ஆகையால் காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவது முக்கியம். ஒரே தாவலில் 3,100 மீட்டரிலிருந்து 4,250 மீட்டருக்குப் போகிறோம் என்பதால் இந்த நாள்தான் திட்டத்தின் பலவீனமான இடம். குழுவில் யாருக்காவது முந்தைய இரவு தலைவலியோ குமட்டலோ இருந்தால், நேரே ஏரிக்கரைக்குப் போகாமல் சுமார் 3,950 மீட்டரிலுள்ள தாங்சே கிராமத்தில் தங்கிவிட்டு மறுநாள் ஏரியைப் பாருங்கள்.

பாங்காங் 134 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இந்தியாவின் பக்கம். உவர்நீர், அதனால் குடிக்க உதவாது. ஸ்பாங்மிக் கரையில் கூடாரங்களும் படப்பிடிப்புக்கான பொம்மை நாற்காலிகளும் நெருக்கியடிக்கும். இன்னும் சற்றுத் தள்ளி மான், மெராக் கிராமங்களில் வீட்டு விடுதிகள் உண்டு. கூடாரத்தைவிட அந்த மண்சுவர் வீடுகள் கதகதப்பாக இருக்கும். விடியலில் ஏரி சாம்பலாகவும், எட்டு மணிக்கு மேல் நீலமாகவும், மேகம் கடக்கும்போது பச்சையாகவும் மாறுவதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

பாங்காங்கிலிருந்து சுஷுல் வழியாக ஹான்லே போகும் சாலை, எனக்குக் கேட்டால், முழுப் பயணத்திலும் ஆகச் சிறந்த நாள். வழியில் ரெசாங் லா போர் நினைவிடம் இருக்கிறது. 1962 நவம்பர் 18 அன்று மேஜர் சைத்தான் சிங் தலைமையில் 13ஆம் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி இங்கே நின்று போரிட்டது. 114 பேர் மாண்டனர். அகன்ற புல்வெளிகளில் கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக மேயும். இந்தச் சாலை எல்லைக்கு மிக அருகில் ஓடுவதால் ராணுவச் சூழலைப் பொறுத்துத் திடீரென மூடப்படலாம். மூடியிருந்தால் சாங் லா வழியாகக் காருவுக்கு இறங்கி, சிந்து நதியோரமாக மாஹே, நியோமா, லோமா வழியே ஹான்லேக்குச் சுற்றிப்போக வேண்டும், ஒருநாள் கூடும். திட்டத்தில் அந்த நாளை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

ஹான்லேயில் இரண்டு இரவு தங்குங்கள். பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் இங்கே 4,500 மீட்டர் உயரக் குன்றின்மேல் வானாய்வகம் நடத்துகிறது. வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். இங்குள்ள 2 மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹோஸகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். 2022இல் இந்தப் பகுதி இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் சிலர் பயிற்சி பெற்று, தங்கள் வீட்டு முற்றத்தில் தொலைநோக்கி வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு வானத்தைக் காட்டுகிறார்கள். நாள் குறிக்கும்போது வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டி ஹான்லே வரும்படி மொத்தப் பயணத்தையும் நகர்த்துங்கள். பௌர்ணமியில் போனால் பால்வீதி கண்ணில் படாது. இரவில் வண்டியின் முகப்பு விளக்கையும் வெள்ளை டார்ச்சையும் எரிக்கக் கூடாது. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் போதும்.

ஹான்லேயிலிருந்து 5,800 மீட்டரை நெருங்கும் உம்லிங் லாவுக்குப் போகலாம் என்று ஓட்டுநர்கள் ஆசைகாட்டுவார்கள். எவரெஸ்ட் அடிவார முகாமைவிட உயரமான சாலை அது. முதல் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள். மேலே பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை, கீழே ஹான்லேயில் எல்லாம் இருக்கிறது.

கடைசியாகச் சோ மோரிரி. 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை. பாங்காங்கின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் தெரியும். கருங்கழுத்துக் கொக்கும் வரித்தலை வாத்தும் இந்தப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் வந்து இறங்கும் வாத்தும் இந்த வரித்தலை இனம்தான். கோடையில் அதன் வீடு இதுபோன்ற உயர்மலை நீர்நிலை. படுக்கும் உயரத்தில் இதுவே அதிகம் என்பதால் ஓர் இரவு போதும். மறுநாள் மாஹே பாலம், சுமதாங் வெந்நீரூற்று வழியாக லே திரும்பலாம்.

கூட்டிப் பார்த்தால் லேயில் இறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு நாள் வேண்டும். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் லே, நுப்ரா, பாங்காங்கோடு நிறுத்துங்கள். ஐந்து நாள்தான் என்றால் பாங்காங்கையும் விட்டுவிட்டு நுப்ராவோடு திரும்புங்கள். இதைச் சொல்லும்போது எல்லோரும் முகம் வாடுகிறார்கள், ஆனாலும் அதுதான் சரி.

வண்டி, பணம், பை

லேயில் டாக்சிகளுக்குச் சங்கம் நிர்ணயித்த கட்டணப் பட்டியல் உண்டு, ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். வழி, நாட்கள், வண்டி வகை என்று எல்லாவற்றுக்கும் தொகை அச்சிலேயே இருக்கும். பருவம் மந்தமாக இருந்தால் அதில் தள்ளுபடி கேட்கலாம். வெளியூர்ப் பதிவெண் கொண்ட வாடகை வண்டியையும், மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கையும் லேயைச் சுற்றிய இடங்களுக்கு ஓட்டவிட மாட்டார்கள். வாடகை பைக் வேண்டுமென்றால் லேயிலேயே எடுக்க வேண்டும். முதன்முறை போகிறவர்கள் உள்ளூர் ஓட்டுநரோடு போவதே நல்லது. ஓடையில் எந்தக் கல்மேல் சக்கரத்தை வைக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். சொந்த வண்டி என்றால் லே, காரு, டிஸ்கிட் தாண்டி பெட்ரோல் பங்கை நம்பாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை மரபு.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் இணைப்பு ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். வீட்டில் "இரண்டு நாள் பேச்சு வராவிட்டால் பதற வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ரொக்கம் முழுவதையும் லேயிலேயே எடுத்துவிடுங்கள். ஏரிக்கரையில் யுபிஐ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

துணியில் ஒரே ஒரு தடித்த கோட்டை நம்புவதைவிட அடுக்கடுக்காக உடுத்துவது மேல்: உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். காதை மூடும் குல்லா, கையுறை, கம்பளிக் காலுறை இரண்டு மூன்று ஜோடி. வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். குளிர் உறைக்கும்போதே தோல் கருகும். நல்ல கறுப்புக் கண்ணாடி, களிம்பு, உதட்டுக்கு வாசலின் கட்டாயம். பேட்டரிகள் குளிரில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் இரவில் அவற்றைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் மின்சாரம் சில மணி நேரமே வரும்.

சாப்பாட்டில் எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். 4,300 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது, பருப்பு கல்லாகவே நிற்கும், தேநீர் கோப்பையில் ஊற்றும்போதே ஆறத் தொடங்கும். துக்பா, மோமோ, கம்பீர் ரொட்டி என்று உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது. ரசம்போல நினைத்துக் குடித்தால் இரண்டாம் கோப்பை கேட்பீர்கள்.

அறையில் மண்ணெண்ணெய் அல்லது கரி அடுப்பு எரிந்தால் படுக்குமுன் அணைத்துவிடுங்கள், ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் விழித்துக்கொள்ளவே வாய்ப்பிருக்காது.

உடல் சொல்வதைக் கேட்பது

லேசான தலைவலி, பசியின்மை, அரைகுறைத் தூக்கம் இவை சகஜம். அவை இருக்கும்போது மேலே போகாமல் அதே உயரத்தில் தங்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், நுரைத்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்றால் மூளையில் வீக்கம். சந்தேகம் வந்தால் குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி வைத்து ஒரு கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் வண்டியை எடுத்துக் கீழே இறங்க வேண்டும். வழியிலுள்ள ராணுவ முகாமிலோ சுகாதார நிலையத்திலோ ஆக்சிஜன் கேளுங்கள், தயங்காமல் உதவுவார்கள். பெரிய சிகிச்சைக்கு லேயிலுள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைதான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. லேயில் வந்த புதிதில் 85, 88 என்று காட்டுவது இயல்பு. எண்ணைவிட ஆளைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துப் பேசுகிறவருக்கு 84 காட்டினால் பயமில்லை. சுருண்டு படுத்துப் பேச மறுக்கிறவருக்கு 90 காட்டினாலும் விடக் கூடாது.

அங்கே நடந்துகொள்வது

எதிர்ப்படுகிறவர்களுக்கு "ஜூலே" சொல்லுங்கள். வணக்கமும் நன்றியும் அதுவே. மடாலயங்களையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மாணி சுவர்களையும் வலமாகச் சுற்றுங்கள். சாங்பா மேய்ப்பர்களின் கூடாரத்தைப் படமெடுக்குமுன் கேளுங்கள். பஷ்மினா ஆட்டை நம்பி வாழும் அவர்கள் காட்சிப்பொருள் அல்ல. மர்மோட்டுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். வண்டியை ஏரித் தண்ணீருக்குள் இறக்குவது தண்டனைக்குரியது. பாலங்கள், முகாம்கள், ராணுவ வண்டிகளைப் படமெடுக்கவே வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொலைபேசியும் அப்படியே, பிடிபட்டால் வழக்கு. பல வீடுகளில் உலர் கழிப்பறைதான் இருக்கும்: மண்ணை அள்ளிப் போட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வாளித் தண்ணீர் வந்தால் அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுச் செலவழியுங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை லேயில் வெறுமையாக வையுங்கள். சாலை மூடல், வண்டிப் பழுது, வானிலையால் ரத்தாகும் விமானம் ஆகிய மூன்றில் ஒன்று அந்த நாளைத் தின்னக்கூடும். தின்னாவிட்டால் கடைத்தெருவில் உலர்ந்த பாதாமி வாங்கலாம். கொட்டையை உடைத்துத் தின்று பார்த்து, கசக்காததை எடுங்கள்.